எப்பர்னேயில் பழம் பறிக்கத் திகதி ஏன் சொல்லவில்லை?

தம்பி, பாரிசிலிருந்து ஷம்பெயின் வைன் செய்யும் எப்பர்னே பக்கம் முந்திரிகை (திராட்சை) பறிக்கப் போக இருக்கிறீர்கள். ஜூலை முடிந்தும் தோட்டக்காரர் திகதி சொல்லவில்லை, ஏமாற்றுகிறாரோ என்று கேட்டிருந்தீர்கள். "இந்த வருசம் போன வருசம் மாதிரி இல்லை" என்று எல்லாரும் சொல்வது ஏன் என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் மறுமொழி ஒன்றுதான்: வானிலை.

திகதி அவருக்கே தெரியாது. ஓகஸ்ட்டில் காய் நிறம் மாறத் தொடங்கியதும் பல தோட்டங்களில் குலை எடுத்து நசுக்கி, சீனியும் புளிப்பும் அளப்பார்கள். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கிராமத்துக்கும், பினோ நுவார், மூனியே, ஷார்டொனே என்று ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாகத் தொடக்க நாள் அறிவிக்கப்படும். பக்கத்து ஊரில் திங்கள், இவரது ஊரில் வியாழன் என்றும் வரும்.

யாழ்ப்பாணத்தில் கொடியை வெட்டிவிட்ட நாளிலிருந்து எண்ணிப் பழத்தை எதிர்பார்க்கலாம். இங்கே கொடி குளிரில் உறங்கி, ஏப்ரலில் துளிர்த்து, ஜூனில் பூக்கும். பூத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். முன்பெல்லாம் 100 நாள் என்பார்கள், சூடான வருசங்களில் 90க்குள் வந்துவிடுகிறது. அதனால் அவரிடம் "எப்போது பறிப்பு?" என்று கேட்காமல் "எப்போது பூத்தது?" என்று கேளுங்கள். ஜூன் 8 என்றால் செப்டெம்பர் முதல் கிழமையை ஒட்டி. 2003, 2018, 2020, 2022 எல்லாம் ஓகஸ்ட்டிலேயே தொடங்கிய வருசங்கள். 2021, 2024 செப்டெம்பருக்குப் போயின.

ஏப்ரலில் துளிர் விரிந்த பிறகு ஓரிரவு -2 பாகைக்குக் கீழே போனால் துளிர் கருகிவிடும். பெரிய மெழுகுவர்த்திகளை ஹெக்டேருக்கு முந்நூறு, நானூறு என்று வரிசைகளுக்கு இடையே கொளுத்தி விடிய விடியக் காவல் இருப்பது அதற்காகத்தான். பின்னால் வரும் துளிரில் குலை குறைவு, பழுப்பதும் பிந்தும். பூக்கும் நேரம் குளிர் மழை என்றால் பூ உதிரும். மழை தொடர்ந்தால் மில்டியூ பூஞ்சணம் இலையையும் குலையையும் பிடிக்கும். 2021இல் உறைபனியும் மில்டியூவும் சேர்ந்தே அடித்தன.

வெயில் எரித்தால் நல்ல வருசம் என்று நினைக்காதீர்கள். ஷம்பெயினுக்குச் சீனியை விடப் புளிப்பு முக்கியம். 10 வீத அல்கஹோலுக்குப் போதிய சீனி இருந்தாலே பறிப்பார்கள், போத்தலுக்குள் நடக்கும் இரண்டாவது நொதிப்பில் இன்னும் ஒன்றேகால் வீதமளவு ஏறும். இரவும் சூடாக இருந்தால் புளிப்பு எரிந்துபோகும், 2003இல் அதுதான் நடந்தது. 2008 குளிராக மெல்ல நகர்ந்து, செப்டெம்பரில் வெயில் கண்ட வருசம். அந்தப் போத்தல்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள். பெரும்பாலான போத்தல்களில் வருசமே இராது, பழைய வருசங்களின் வைனைக் கலந்து சமப்படுத்துவார்கள். வருசம் போட்டால் அந்த வருசத்துப் பழம் மட்டுமே, நிலவறையில் குறைந்தது மூன்று வருசம்.

உங்கள் பறிப்பு வேலையைப் பாதிப்பது ஓகஸ்ட் கடைசி மழை. "ஓகஸ்ட்தான் சாற்றைச் செய்யும்" என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. மூனியே, பினோ என்ற கறுப்பு இனங்களின் குலைகள் நெருக்கமானவை. மழையில் பழம் ஊதி, ஒன்றையொன்று நெரித்து, தோல் வெடித்து உள்ளிருந்தே அழுகும். மேலே பார்க்க நல்ல குலை. திருப்பினால் காம்போரம் சாம்பல் தூள். மூக்கருகே பிடியுங்கள். வினாகிரி மணம் வந்தால் கீழே போடுங்கள், ஒரு மூலை மட்டும் என்றால் கத்தரிக்கோல் நுனியால் கொத்தி எடுங்கள். ஒரு வாளி அழுகல் போனாலும் சாறு மண்ணிறமாகிக் காளான் மணம் வரும். 2017இல் கறுப்பு இனங்கள் இப்படித்தான் அடி வாங்கின. இங்கே இயந்திரப் பறிப்புக்கு அனுமதி இல்லை: கறுப்புப் பழம் நசியாமல் முழுக்குலையாகப் போனால்தான் சாறு வெள்ளையாக வரும்.

ஆகவே கூலி பேசுமுன் வானத்தைப் பாருங்கள். காய்ந்த, குலை நிறைந்த வருசத்தில் கிலோக் கணக்கு லாபம். அழுகல் வருசத்தில் நல்லதைத் தெரிந்தெடுத்து வெட்டவே நேரம் போய்விடும், மணித்தியாலக் கணக்கே நல்லது. எந்தக் கணக்கானாலும் வேலை செய்த மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே தர முடியாது. ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும்; வொந்தாஞ் (பழப் பறிப்பு) ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு மேல் போகாது, வருசத்தில் மொத்தம் இரண்டு மாதம்தான். உங்கள் வதிவிட அனுமதிக் கார்டில் வேலை செய்ய அனுமதி எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

2023 செப்டெம்பர் வெக்கையில் பறிக்க வந்தவர்கள் சிலர் இறந்துபோனார்கள். தொப்பியும் இரண்டு லீற்றர் தண்ணீரும் கட்டாயம். காலையில் பனியில் நனையும் இலைக்கு மழை உடுப்பு, மாற்றுச் சப்பாத்து ஒரு சோடி. ரயில் டிக்கெட்டை அவர் ஊரின் நாள் அறிவித்த பிறகு எடுங்கள், அல்லது திகதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.