விடிய விடிய நடன இசைவிழா: உடம்பு தாங்குமா, காது தாங்குமா?

கேள்வி: எனக்கு 38 வயது. தினமும் இரவு பத்தரைக்குப் படுத்து, காலை ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு வரை நடக்கும் எலெக்ட்ரானிக் நடன இசைவிழாவுக்கு நண்பர்கள் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க ஆட என் உடம்பு தாங்குமா? முன்பு ஒரு கச்சேரிக்குப் போய்வந்து இரண்டு நாள் காதில் ரீங்காரம் இருந்தது. விழா முடிந்ததும் இரண்டு மணிநேரம் கார் ஓட்டித் திரும்ப வேண்டும். எங்கள் குழுவில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் மட்டும்தான்.

பதில்: உடம்பு தாங்கும். தாராளமாகப் போய் வாருங்கள். கால்வலி, அசதி, தொண்டைக்கட்டு எல்லாம் இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும். சரிசெய்ய முடியாத சேதம் இரண்டு இடத்தில்தான் வரும். ஒன்று காது. இன்னொன்று, விழா முடிந்து நீங்கள் ஓட்டப்போகும் அந்தக் கார். உங்கள் கேள்வியில் இரண்டுமே இருப்பதால் அவற்றைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

இரண்டு நாள் ரீங்காரத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நம் ஒவ்வொரு உள்காதிலும் பிறக்கும்போது சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியதிர்வை நரம்புக்குப் புரியும் மின்சைகையாக மாற்றுவது இவைதான். சத்தம் அளவு மீறினால் இவை சோர்ந்துபோகும். ஓய்வு கிடைத்தால் ஓரளவு தேறும். அதற்கும் மேல் அடிபட்டால் செத்துவிடும். நெல் வயலில் பலர் நடந்து நடந்து பயிர் சாய்வதைப் போலத்தான் இது. ஆனால் இங்கே மறுநடவு கிடையாது. ரீங்காரம் நின்றுவிட்டதால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அதனால் விழாவுக்கு முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு கேள்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். இப்போதைய நிலை பதிவில் இருந்தால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் காதடைப்பானைக் கழற்ற மனசே வராது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணிநேரம் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணிநேரம், 91-க்கு 2, 94-க்கு 1. நூறு டெசிபலுக்கு வரும்போது வெறும் 15 நிமிடம்தான். மேடைக்குப் பக்கத்தில் 100 டெசிபல் என்பது இந்த விழாக்களில் சாதாரணம். இசை நடக்கும் இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை அப்படியே பின்பற்றும் விழாவாகவே இருந்தாலும், காதை மூடாமல் 12 மணிநேரம் அங்கே நிற்பது மிக அதிகம்.

இருபது டெசிபல் குறைக்கும் காதடைப்பான் சரியாகப் பொருந்தினால் அந்த 100 உங்கள் காதுக்கு 80 ஆகிவிடும். மலிவான நுரைப்பஞ்சு (ஃபோம்) அடைப்பானும் காதைக் காக்கும். ஆனால் அது மேல்சுருதி ஒலிகளைக் கூடுதலாக விழுங்குவதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பது மாதிரி இருக்கும், பத்து நிமிடத்தில் கழற்றிவிடத் தோன்றும். இசைக் கலைஞர்கள் பயன்படுத்தும் ஃபில்டர் வைத்த காதடைப்பானைக் கேட்டு வாங்குங்கள். எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் பாட்டு பாட்டாகவே கேட்கும். காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகினால்தான் நன்றாக உட்காரும். வீட்டிலேயே ஒருநாள் போட்டுப் பழகிவிடுங்கள். நண்பர் ஏதோ சொல்கிறார் என்று அங்கே கழற்றாதீர்கள்; பேச வேண்டுமானால் இரண்டு பேரும் சத்தம் குறைந்த இடத்துக்கு நடந்துபோய்ப் பேசுங்கள்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒலிபெருக்கி அடுக்குக்கு நேர் முன்னால் நிற்கவே வேண்டாம். ஒலிப்பொறியாளர் உட்காரும் மிக்சிங் மேசைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் ஒலியைச் சரிசெய்கிறார், அதனால் இசை அங்கேதான் தெளிவாகக் கேட்கும். மணிக்கொரு தரம் பத்து நிமிடமாவது மேடையைவிட்டு விலகி வாருங்கள். மறுநாள் ரீங்காரம் ஒரு நாளைத் தாண்டி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் அன்றைக்கே போய்விடுங்கள். அதற்கான சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். விழாவுக்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகள் வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் கூடுதலாகத் தூங்குங்கள். விழாவன்று மதியம் ஒன்றரை மணிநேரம் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் அறையை இருட்டாக்கிப் படுத்திருங்கள். காபி தூக்கத்தைப் போக்குவதில்லை, மூளையில் சேரும் தூக்கக் களைப்பை மறைத்துவைக்கிறது, அவ்வளவுதான். அதன் வீரியம் பாதியாக ஐந்து மணிநேரம் போல ஆகும். ஏழு மணிக்கே குடித்துத் தீர்க்காமல் நள்ளிரவுக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு எழுந்து பழகியவருக்கு உடல் வெப்பம் மிகவும் இறங்குவது நான்கு மணிவாக்கில். வியர்வையில் நனைந்த சட்டையோடு இருந்தால் அப்போது உடம்பு வெடவெடக்கும். காய்ந்த சட்டை ஒன்றும் மெல்லிய ஜாக்கெட் ஒன்றும் கையில் இருக்கட்டும். புதுச் செருப்பு, புது ஷூ வேண்டவே வேண்டாம்.

தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்றபடி குடியுங்கள். பயத்தில் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். நடுநடுவே உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள். யாராவது மாத்திரை, பொடி என்று நீட்டினால் வாங்காதீர்கள். இந்த விழாக்களில் புழங்கும் எம்டிஎம்ஏ போன்ற போதைப்பொருள்கள் உடல் வெப்பத்தை ஏற்றுகின்றன. வெக்கையில் ஓயாமல் ஆடும் உடம்பில் அது உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகும். கூட வந்தவர் யாராவது உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினால் உடனே மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப்போங்கள். என்ன உட்கொண்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு அந்த விவரம் சிகிச்சைக்குத் தேவை. குழுவில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால், விட்டுவிட்டு மின்னும் விளக்குகளும் தூக்கமின்மையும் சேர்வது ஆபத்து. அவர் தன் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது.

கூட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 2010-ல் நடந்த லவ் பரேட் நடன விழாவில், மைதானத்துக்குப் போகும் சாய்வுப் பாதையில் கூட்டம் நெருக்கியதில் 21 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட நெரிசலில் பெரும்பாலும் உயிர் போவது மார்பு அழுத்தப்பட்டு மூச்சுவிட முடியாமல்தான். நான்கு பக்கமும் ஆட்கள் உரசி, கையை முகம்வரை தூக்க முடியவில்லை என்றால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. அதற்கு முன்பே ஓரத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். மாட்டிக்கொண்டால் முன்கைகளை மார்புக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளலை எதிர்த்து நிற்காமல், அது தளரும் நேரத்தில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள்.

கடைசியாக அந்தக் கார். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் மறுநாள் ஆறு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது, மதியத் தூக்கம் போக, கிட்டத்தட்ட ஒரு நாள் விழித்திருக்கிறார். 17 முதல் 19 மணிநேரம் தூங்காதவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 மணிநேரத்தில் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் இதே நிலைதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் செருகினால், கார் 110 மீட்டர் தூரம் ஆளில்லாமல் ஓடியிருக்கும். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எதுவும் இதைத் தடுக்காது. 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்ற உங்கள் உணர்வையும் அந்த நேரத்தில் நம்பக் கூடாது.

ஆகவே நீங்கள் ஓட்டக் கூடாது. இதில் என்னிடம் விட்டுக்கொடுப்பு கிடையாது. நண்பர்களிடம் இந்த வாரமே பேசுங்கள்: பக்கத்தில் அறை எடுக்கலாம், ஓட்டுநரை அமர்த்தலாம், பேருந்தோ ரயிலோ பார்க்கலாம். செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும். ஓட்டத் தெரிந்த ஒரே காரணத்துக்காக முழுப் பாரத்தையும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. எதுவுமே அமையாவிட்டால் நான்கைந்து மணிநேரம் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். காருக்குள் தூங்குவதானால் இன்ஜினை அணைத்து, ஜன்னல்களைக் கொஞ்சம் இறக்கி, நிழலில் நிறுத்துங்கள். காலை வெயில் ஏறினால் உள்ளே சீக்கிரம் அனலாகிவிடும். எழுந்தவுடன் மந்தம் இருக்கும், அரை மணிநேரம் கழித்தே வண்டியை எடுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடி தூங்கினாலும் மாலைக்குள் எழுந்துவிட்டு, இரவு வழக்கம்போலப் பத்தரைக்குப் படுங்கள்.