120 பிக்சலுக்குள் ஒரு யானை: உங்கள் விளையாட்டின் முகப்புப் படம்

கேள்வி: நான் ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். ஒன்றரை வருடமாகத் தனியாக ‘பரண்’ என்றொரு கணினி விளையாட்டைச் செய்து வருகிறேன். அப்பாவும் மகனும் இரவில் பரணில் இருந்து, வயலுக்குள் யானை இறங்காமல் காவல் காப்பதுதான் கதை. சுடுவது கிடையாது. சத்தத்தை வைத்து யானை வரும் பக்கத்தைக் கண்டுபிடித்து, ரோச் லைட் அடித்து, தகரம் தட்டித் திருப்ப வேண்டும். ஸ்டீம், இட்ச் என்ற இணைய விளையாட்டுக் கடைகள் இரண்டிலும் வெளியிடப் போகிறேன். நானே வரைந்த முகப்புப் படத்தை அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் வடிவு என்கிறார்கள், ஆனால் சின்னதாக்கினால் ஒன்றும் விளங்கவில்லை. என்ன செய்யலாம்? ஒரு போட்டியில் கிடைத்த பரிசையும் படத்தில் போடலாமா?

பதில்: தம்பி, படம் உண்மையிலேயே வடிவுதான். குளத்துத் தண்ணீரில் பனைகளின் நிழல் விழுந்திருக்கும் விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அது சுவரில் மாட்டும் படம். கடையில் வைக்கும் படத்துக்கு வேலை வேறு.

கணினிக்கு வருவதற்கு முன் நான் பரந்தனில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன். ஏ9 வீதியில் பஸ்ஸில் போகிறவர் ஒரு பலகையைப் பார்ப்பது கண் மூடித் திறக்கும் நேரம்தான். அதற்குள் அது டயர் கடையா சாப்பாட்டுக் கடையா என்று அவருக்குத் தெரிந்துவிட வேண்டும். ஸ்டீமில் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறவரும் அப்படித்தான் பார்க்கிறார். அவர் கேட்பது இரண்டே விஷயம்: இது என்ன மாதிரி விளையாட்டு, இதன் பெயர் என்ன.

ஸ்டீமுக்கு நீங்கள் கொடுக்கும் சிறிய படம் 462க்கு 174 பிக்சல். அதையே அவர்கள் சில இடங்களில் 120க்கு 45 வரை சுருக்கிக் காட்டுகிறார்கள். உங்கள் படத்தை அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். மூன்று யானையும் ஒரே சாம்பல் கறையாகிவிட்டன. அப்பாவையும் மகனையும் காணவில்லை. பெயர் படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 45 பிக்சலில் வெறும் 9. அந்த ஒன்பதுக்குள் மூன்று சுழி ‘ண’வும் அதன் தலையில் ஒரு புள்ளியும் இருக்க வேண்டும். மெல்லிய தூரிகை எழுத்தில் அது நடக்காது. சுழிகள் அடைபட்டு, புள்ளி மறைந்து, நடுவில் நிற்கும் ‘ர’வின் கால் மட்டும் ஒரு கீறலாகத் தெரிகிறது.

அதனால் முதலில் சின்னதை வரையுங்கள். பெரியதை வரைந்து சுருக்க வேண்டாம். 120க்கு 45இல் ஒரு கட்டம் போட்டு, கறுப்பு, வெள்ளை, ஒரு சாம்பல் என்று மூன்றே நிறத்தில் உருவங்களை வையுங்கள். அங்கே விளங்கினால்தான் மற்றதெல்லாம்.

எதை வைப்பது? உங்கள் கதையில் இரண்டு பொருள்தான் மோதுகின்றன: பெரிய யானை, சின்ன வெளிச்சம். மூன்று யானையில் இரண்டை எடுத்துவிடுங்கள். மிஞ்சுவதையும் முழு உடம்பாகக் காட்டாமல் தலை, காது, தும்பிக்கை மட்டும் ஒரு பக்கத்தை அடைக்கும்படி வையுங்கள். காதின் வளைவு தெரிந்தால் உலகத்தில் யாருக்கும் அது யானை என்று புரியும். மறுபக்கம் உயரத்தில் பரண், அதில் ஒரே ஒரு மஞ்சள் வெளிச்சம். நிலா வேண்டாம். நிலா இருந்தால் கண் அங்கே போய்விடும், உங்கள் விளக்கு தோற்றுவிடும்.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீமின் பக்கமே கருநீலம். நடுச்சாமக் கருநீலத்தில் ஒரு படத்தைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தால் படத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. இரவு விளையாட்டு என்பதற்காகப் படமும் நள்ளிரவாக இருக்க வேண்டியதில்லை. பொழுது படும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலபோக வெட்டுக்கு முன் மாலை வெயிலில் வயல் எப்படிப் பொன்னாகத் தெரியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பொன்னுக்கு முன்னால் யானையின் கறுப்பு உருவம் நின்றால், நிறத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் பிரிந்து தெரியும். நிறத்தை எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். சாம்பலில் தெரியாதது நிறத்திலும் சரியாகத் தெரியாது.

உங்கள் நண்பர் யாரோ யானை பிளிறிக்கொண்டு பாய்வது போல வரையச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதைப் பார்த்து வருகிறவர் சண்டை விளையாட்டைத் தேடி வருகிறார். உங்களுடையதோ காது கொடுத்துக் காத்திருக்கும் விளையாட்டு. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஏமாந்தவர் அதைச் செய்வார், போகும்போது ஒரு கசப்பான விமர்சனமும் எழுதிவிட்டுப் போவார். யானை அசையாமல் நின்று பார்க்கட்டும். அந்த அமைதிதான் உங்கள் விளையாட்டு, பயமும் அதில்தான் இருக்கிறது.

பரிசு விஷயம். வாழ்த்துகள், ஆனால் படத்தில் போட முடியாது. 2022 செப்டெம்பர் 1 முதல் ஸ்டீமின் முகப்புப் படங்களில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வமான துணைத்தலைப்பு இவை மட்டும்தான் இருக்கலாம். விருது, விமர்சனப் புள்ளி, தள்ளுபடி எதுவும் கூடாது. மீறினால் கடையில் உங்கள் விளையாட்டு தெரியும் இடங்கள் குறையலாம், அவர்களுடைய அதிகாரபூர்வ விற்பனைகளில் முன்னிறுத்தப்படாமலும் போகலாம். பரிசை விவரப் பகுதியில் எழுதுங்கள்.

அளவுகள்தான் பலரைச் சிரமப்படுத்தும். தலைப்புப் படம் 920க்கு 430, முதன்மைப் படம் 1232க்கு 706, நிமிர்ந்த படம் 748க்கு 896, நூலகப் படம் (வாங்கியவரின் விளையாட்டுப் பட்டியலில் தெரிவது) 600க்கு 900. இட்ச்சில் 630க்கு 500 போதும். ஒன்று பாய் மாதிரி நீளம், இன்னொன்று கதவு மாதிரி உயரம். ஒரே படத்தை வெட்டி எல்லாவற்றுக்கும் போட்டால் ஏதோ ஒன்றில் யானையின் காது போய்விடும். யானை, பரண், வயல், வானம், பெயர் என்று ஐந்தையும் தனித்தனி அடுக்கில் (லேயர்) வரைந்து வையுங்கள். பிறகு ஒவ்வோர் அளவுக்கும் நகர்த்தி அடுக்கலாம். நிமிர்ந்த படத்தில் பரண் மேலே, யானை கீழே. சிறிய படத்தில் பெயர்தான் முக்கியம், பாதிக்கு மேல் இடத்தை அது எடுக்கட்டும். காசு கொடுத்து யாரிடமாவது வரைவிப்பதாக இருந்தால், அடுக்குகளோடு மூலக்கோப்பும் விற்பனைக்குப் பயன்படுத்தும் உரிமையும் உங்களுக்கு வரும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

பெயரைத் தமிழில் எழுதுவதா ஆங்கில எழுத்திலா? மனது தமிழ் என்கிறது, எனக்கும்தான். ஆனாலும் ஸ்டீமில் ஆங்கில எழுத்தைப் போடுங்கள். வாசிக்க முடியாத பெயரை யாரும் இன்னொருவருக்குச் சொல்ல முடியாது, தேடிப் பிடிக்கவும் முடியாது. இரண்டையும் ஒன்றாகத் திணித்தால் இரண்டுமே சிறுத்துவிடும். இட்ச்சில் நம் ஆட்களை நினைத்து வெளியிடுகிறீர்கள் என்றால் அங்கே தமிழ் இருக்கட்டும். அதற்கு எழுத்தைத் தடிப்பாக்கி, ‘ண’வின் சுழிகளை அகலத் திறந்து, புள்ளியை வழக்கத்தை விடப் பெரிதாக வைத்து நீங்களே வரையுங்கள். விளையாட்டைத் திறந்ததும் வரும் முதல் திரையிலும் தமிழ்ப் பெயரைப் பெரிதாகப் போடலாம்.

அப்புறம், சோதித்துப் பாருங்கள். காவல் விளையாட்டுகள், கிராமத்து விளையாட்டுகள் வரும் ஒரு தேடல் பக்கத்தைப் படமாகப் பிடித்து, நடுவில் உங்களுடையதை ஒட்டுங்கள். அதை உச்சி வெயிலில் போனில் யாருக்காவது ஒரு நொடி காட்டி மூடிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்காதீர்கள், அவர்களுக்குக் கதை தெரியும். “யானையும் ஒரு வெளிச்சமும்” என்று வந்தால் சரி. “என்னவோ காடு” என்று வந்தால் திரும்பவும் அந்தச் சின்னக் கட்டத்துக்குப் போங்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே, விளையாட்டு வரப்போகிறது என்று சொல்லும் ‘விரைவில்’ பக்கம் ஸ்டீமில் இருந்தாக வேண்டும். நீங்கள் மாதக்கணக்கில் முன்பே போடுங்கள். படத்தைப் பிறகும் மாற்றலாம்.

உங்கள் பழைய படத்தை அழித்துவிடாதீர்கள். ஸ்டீம் நூலகத்தில் விளையாட்டைத் திறந்தால் மேலே அகலமாக ஒரு படம் வரும், 3840க்கு 1240. அதில் எழுத்து போடக் கூடாது, முக்கியமானதை நடுவில் வைத்தால் வெட்டுப்படாது. குளக்கட்டு, பனைகள், தண்ணீரில் விழும் நிழல், மற்ற இரண்டு யானைகள் எல்லாம் அங்கே வரட்டும். அப்பாவையும் மகனையும் நடுவில் உட்கார வையுங்கள்.