காடி கேள்வி: பையனுக்கு முதல் காடியே டர்போவா?

கேள்வி: அண்ணே, நாங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம், நான் செம்பனை லோரி ஓட்டுறேன். மூத்தவன் எஸ்பிஎம் பரீட்சை முடிச்சு, புதுசா ஓட்டறவங்களுக்கு குடுக்கற பி லைசென்ஸ் எடுத்து ரெண்டு மாசம் ஆகுது. ஜொகூர்ல இருக்கற மச்சான் தன்னோட 2.0 டர்போ காடிய பழகின விலைக்கு தர்றேன்றாரு, பையன் சோறு தண்ணி இல்லாம அதையே பேசிக்கிட்டு இருக்கான். வீட்டுக்காரி வேணவே வேணாம்ன்றா. மோட்டார் சைக்கிள்ல போறதுக்கு காடி தேவலதானே? — ஒரு அப்பா

பதில்: மோட்டாருக்கு காடி தேவலதான் அண்ணே, நம்ம மலேசியா சடக்குல சாகறவங்கள்ல பாதிக்கு மேல மோட்டார்ல போறவங்க. ஆனா அந்த காடி வேணாம், இதுல நான் அண்ணி கட்சி.

நீங்க தோட்டத்து ஆளு, மரத்துலயே கணக்கு சொல்றேன். செம்பனை நடறப்ப மரத்துக்கு மரம் சுமார் 30 அடி விடுவாங்க இல்லையா. ஈப்போ போற சடக்குல 90ல போனா ஒரு செகண்டுக்கு 25 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூணு மரம். எதிர்ல மாடு நிக்குதுன்னு கண்ணு பாத்து, மூளைக்கு உறைச்சு, கால் பிரேக்குக்கு போக ஒன்றரை செகண்ட் வைங்க, அதுலயே நாலு மரம் போயிருச்சு, காடி இன்னும் கொஞ்சம் கூட வேகம் குறையல. 140ல போனா அதே ஒன்றரை செகண்டுல ஆறு மரம் தாண்டிரும். அதுக்கப்புறம் பிரேக் பிடிச்சு நிக்கற தூரம், 90ல ஆகறத விட ரெண்டரை மடங்குக்கு கிட்ட.

எந்த காடியும் 140 போகும்லான்னு பையன் சொல்லுவான், சரிதான், சின்ன காடி மைவியும் போகும். ஆனா பழைய 1.3 மைவிய 140ல ஓட்டிப் பாருங்க, எஞ்சின் கத்தும், காத்து சத்தம் காத அடைக்கும், ஸ்டீரிங் லேசா மிதக்கும், பையனுக்கே வயித்த கலக்கி கால எடுத்துருவான். அந்த டர்போ காடில ஏர்கோன் போட்டு பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும், சும்மா உக்காந்திருக்கற மாதிரி இருக்கும், மீட்டர பாத்தாதான் தெரியும். புதுசா ஓட்டறவனுக்கு வேகம் இன்னும் உடம்புல ஏறல, அவனுக்கு பயம் காட்டற காடிதான் வேணும். டர்போன்றது எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தி பவர ஏத்தற சாமான், அதுல இன்னொரு சேட்டை, மிதிச்ச உடனே ஒண்ணும் நடக்காது, இன்னும் கொஞ்சம் மிதிப்பான், அப்ப மொத்தமா வந்து தள்ளும். லோரிய ஓவர்டேக் பண்ண வெளிய வந்தவன் எதிர்ல வண்டிய பாத்து திரும்ப உள்ள நுழையறத நீங்க கண்ணாடியில எத்தனை தடவை பாத்திருப்பீங்க, நான் சொல்லணுமா. உங்க லோரிலருந்து உதிர்ந்த பழம் நசுங்கி எண்ணெயா கிடக்கற வளைவுல மழையும் தூறிச்சுன்னா, அங்க குதிரைசக்தி என்ன செய்யும்?

என் தங்கச்சி மகனும் இப்படித்தான், சொந்தக்காரர் கிட்ட வாங்கின பெரிய எஞ்சின் காடி, ராத்திரி கூட்டாளிங்க மூணு பேரோட சாப்பிட போயிட்டு வர்றப்ப வளைவுல நழுவி கால்வாயில இறங்கிருச்சு. கடவுள் புண்ணியம், யாருக்கும் பெருசா அடி இல்ல. மறுநாள் போய் பாத்தேன். ரிம் பளபளன்னு 18 இன்ச், ஆனா பின் டயர்ல உள்பக்கம் நூலே தெரியுது. காடி வாங்கறதுலயே காசெல்லாம் போச்சு, டயர் மாத்த கையில இல்லன்னான். அந்த சைஸ் டயர் நாலு மாத்தற செலவு என்னன்னு மச்சான கேளுங்க, அதையும் விலையில சேருங்க. இன்னொண்ணு, தனியா ஓட்டறப்ப என் தங்கச்சி மகன் நல்ல பையன்தான், பின்னாடி மூணு பேர் உக்காந்தா வேற ஆளு.

காசு பேசினதுல இதையும் கேட்டுக்குங்க. 1.3 காடிக்கு ரோட்டு டேக்ஸ் வருஷம் 70 வெள்ளி, 1,998 சிசிக்கு 379. பி லைசென்ஸ்காரன் மோதிட்டு உங்க காடிக்கு க்ளெய்ம் போட்டா முதல் 400 வெள்ளி உங்க கையிலருந்து.

அதுக்காக ரொம்ப லொடலொட காடியும் வேணாம். அமெரிக்காவுல இன்சூரன்ஸ் கம்பெனிங்க காசுல நடக்கற ஐஐஎச்எஸ்னு ஒரு ஆய்வு அமைப்பு, பிள்ளைங்களுக்கு ஏத்த பழைய காடின்னு லிஸ்ட்டே போடறாங்க: பவர் அதிகம் வேணாம், ரொம்ப குட்டியும் வேணாம், சறுக்கினா தானா பிரேக் பிடிச்சு நேராக்கற சிஸ்டம் கட்டாயம். அவங்க சொல்ற பெரிய சைஸ் நம்ம பட்ஜெட்டுக்கு ஒத்து வராது, ஆனா 2017 கடைசில வந்த மைவி மாடல்லருந்து அந்த சிஸ்டம் இருக்கு, அந்த மாதிரி பாருங்க. ஒரு ஆறு மாசம் ராத்திரிலயும் மழையிலயும் நீங்களே பக்கத்துல உக்காருங்க, லோரி ஓட்டறவரு பக்கத்துல இருக்கறத விட நல்ல வாத்தியார் ஏது. மச்சான் கோவிச்சா என் பேர சொல்லிருங்க.

கேள்வி: மகளுக்கு பழைய கஞ்சில் காடி வாங்கலாமா, விலை மலிவா வருது? — ஒரு அம்மா, பீடோர்

பதில்: வேணாம்மா. 1994ல வந்த காடி, 2009லயே நிறுத்திட்டாங்க, பெரும்பாலானதுல ஏர்பேக் கிடையாது. பசாருக்கு போக வர சரி, ஹைவேல ஏத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் சேத்து வாங்குங்க.

கேள்வி: அண்ணே, பி ஸ்டிக்கர் ஒட்ட வெக்கமா இருக்கு, கூட்டாளிங்க கிண்டல் பண்றாங்க, கழட்டிரலாமா? — 18 வயசு, தெலுக் இந்தான்

பதில்: ரெண்டு வருஷம் முன்னாடியும் பின்னாடியும் ஒட்டித்தான் ஆகணும் தம்பி, இல்லன்னா சம்மன். கிண்டல் பண்றவன் சம்மன் கட்டுவானான்னு கேட்டுப் பாரு.