பிரசவ அறைக்குள் அம்மா வரலாமா? அதற்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 24. தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடலோர ஊர். தலைப்பிரசவம், எட்டாம் மாதம் நடக்கிறது. மே மாதக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். கணவர் ஆழ்கடலில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது என்பதால் அந்நேரம் அவர் கரையில் இருப்பாரா தெரியவில்லை. அண்மையில் பிள்ளை பெற்ற தோழிகளும் மைனியும் (அண்ணி) சொல்லும் கதைகளைக் கேட்டால் தூக்கம் வருவதில்லை. ஒருத்தி இரண்டு நாள் நோவில் கிடந்தாளாம். இன்னொருத்தியை நர்ஸ் தொடையில் அடித்தாராம். மைனிக்குக் கடைசி நேரத்தில் சிசேரியன். அரசு மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் என் அம்மா கூட இருக்க விடுவார்களா? எங்கள் ஊரில் ஒரு அக்கா, 'உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது. 3,000 ரூபாய் கொடுத்தால் அம்மாவை விடச் சொல்கிறேன்' என்கிறார். கொடுக்கலாமா?

பதில் சொல்பவர்: அரசு மருத்துவமனை பிரசவப் பகுதியில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமைச் செவிலியர்.

3,000 ரூபாயைக் கொடுக்காதே, மகளே. உன் அம்மா உள்ளே வரலாம். அதற்குக் கட்டணமே கிடையாது. இல்லாத கட்டணத்தை வசூலிக்கிறவர்களைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், அவர்கள் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை என்ற ஏற்பாடு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகிறது. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இதை அனுமதித்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் பிரசவ நேரத்தில் பெண் விரும்பும் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. காரணம் வெறும் ஆறுதல் மட்டும் என்று நினைத்துவிடாதே. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விடாமல் ஒருவர் துணை இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாக நடந்திருக்கிறது, சிசேரியன் குறைந்திருக்கிறது, நோவு நேரமும் சற்றுக் குறைந்திருக்கிறது.

இவ்வளவும் தாளில் இருக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளிக்கு அந்தத் தாளை யாரும் காட்டியிருக்கமாட்டார்கள். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஆணை வந்ததும் சுவரில் பெரிய எழுத்தில் பலகை மாட்டினார்கள். கட்டிலுக்குக் கட்டில் மறைப்புத் திரை வேண்டும் என்று எழுதிக் கேட்டால் மட்டும் 'நிதி ஒதுக்கீடு வரட்டும்' என்று கடிதம் திரும்பி வந்தது. திரை இல்லாத அறையில் ஐந்து பெண்கள் உடை விலகிக் கிடக்கும்போது அடுத்தவள் மாமியாரை எப்படி உள்ளே விடுவது? செவிலியர் 'வெளியே நில்லுங்கள்' என்று கத்துவாள். கெட்ட பெயர் அவளுக்கு, பலகைக்குப் புது வர்ணம்.

துணையாக வருகிறவர் பெண்ணாக இருக்கவேண்டும். பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. ஒருவர்தான். நேரத்துக்கு ஒருத்தி மாறி மாறி வரக்கூடாது. துவைத்த உடை உடுத்தியிருக்கவேண்டும். பக்கத்துக் கட்டிலுக்குப் போய் விசாரிக்கக்கூடாது. மருத்துவரோ செவிலியரோ வேலை செய்யும்போது குறுக்கே நிற்கக்கூடாது. தனித்தனி அறை உள்ள இடங்களில் கணவரையும் விடுவதுண்டு. உன் கணவர் வந்து சேர்ந்தால் கேட்டுப் பார்.

தொற்று நோய் உள்ளவர் துணைக்கு வரக்கூடாது என்றும் விதியில் ஒரு வரி இருக்கிறது. எல்லாரும் தாண்டிப் போய்விடுகிற வரி. உன் நாள் மே மாதத்தில் வருவதால் நான் தாண்டிப் போகமாட்டேன். வெயில் காலம் சின்னம்மையின் காலம். வீட்டில் அம்மை கண்டால் வேப்பிலை வைத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பது சாதி மதம் பாராமல் நம் மாவட்டம் முழுக்க உள்ள பழக்கம். உன் அம்மா சின்ன வயதிலேயே அம்மை கண்டவர் என்றால் பெரும்பாலும் பயமில்லை. அம்மை காணாதவராக இருந்து, அவர் வீட்டில் ஒரு பேரப்பிள்ளைக்கு இப்போது கண்டிருந்தால், தொற்று வெளியே தெரிய 10 முதல் 21 நாள் வரை ஆகும். கொப்புளம் எழும்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும். அதாவது பார்க்க நன்றாக இருக்கிற அம்மா பிரசவ அறை முழுவதற்கும் அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம். உனக்கே பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரையுள்ள இடைவெளியில் அம்மை எழும்பினால் பச்சைப் பிள்ளைக்கு உயிர் ஆபத்து. ஆகவே இன்றைக்கே அம்மாவிடம் கேள்: உங்களுக்கு அம்மை கண்டிருக்கிறதா? எனக்கு? நீ காணாதவள் என்றால், அம்மை உள்ள வீட்டுக்குக் குழந்தை பார்க்க, மாதா கோயில் திருவிழாச் சோறு சாப்பிட என்று எதற்கும் போகாதே. தெரியாமல் போய்விட்டால் அன்றே மருத்துவரிடம் சொல். அதற்கு ஊசி மருந்து உண்டு, ஆனால் தாமதித்தால் பயன் குறைவு. அம்மை ஆறிவிட்டது என்று சொல்வதும் பொருக்கு முழுக்கக் காய்ந்த பிறகுதான். தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்பதெல்லாம் கணக்கில் வராது.

அம்மாவுக்கு இதில் சிக்கல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், அம்மாதான் வரவேண்டுமா என்று ஒரு தடவை யோசி. மகள் அலறுவதைப் பார்க்க முடியாமல் தாயே தரையில் உட்கார்ந்துவிடுவதைப் பிரசவ அறையில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. அப்புறம் எங்கள் ஆள் ஒருத்தி அவருக்கு விசிறவேண்டும். குடும்பத்தில் யாருக்கு உரிமை அதிகம் என்று பார்க்காமல் யாருக்கு நிதானம் அதிகம் என்று பார். சிசேரியன் கதை சொல்லிப் பயமுறுத்திய அந்த மைனியே பொருத்தமாக இருக்கலாம். அவள் உள்ளே போய் வந்தவள்.

யார் வந்தாலும் ஒரு வேலையைப் பழகிக்கொண்டு வரட்டும். நோவு எழும்பும்போது நீ கட்டில் விளிம்பையோ சன்னல் கம்பியையோ பிடித்துச் சற்றுக் குனிந்து நில். துணையிருப்பவர் பின்னால் நின்று, உள்ளங்கையின் அடிப்பாகத்தை உன் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் பதித்து, அழுத்திப் பிடிக்கவேண்டும். தேய்ப்பது வேண்டாம், உடம்புப் பாரத்தைக் கையில் இறக்கி அழுத்துவதுதான். நோவு தணிந்ததும் கையை எடுத்துவிட்டு ஒரு வாய் தண்ணீரோ கஞ்சித் தண்ணீரோ கொடுக்கவேண்டும், மருத்துவர் எதுவும் கொடுக்கக்கூடாது என்று சொல்லாத வரை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்கக் கூட்டிப் போகவேண்டும். படுத்தால் இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லவேண்டும். செய்யக்கூடாதது ஒன்று: 'முக்கு, முக்கு' என்று கத்துவது. கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன் முக்கினால் பெண் சோர்ந்துபோவாள், சதை வீங்கும். எப்போது முக்கவேண்டும் என்பதைச் செவிலியர் சொல்லட்டும். வயிற்றின் மேல் கையை வைத்து அமுக்கித் தள்ளுவதையும் யாரும் செய்யக்கூடாது. எங்கள் ஆட்களே செய்தாலும் 'வேண்டாம்' என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு.

இனி அந்தக் கதைகளுக்கு வருவோம். பிள்ளை பெற்றவள் பேசத்தான் செய்வாள். பேசினால்தான் அவள் மனம் ஆறும். நீ கேட்பதைத் தவிர்க்க முடியாது. கேட்டபின் சில கேள்வி கேள். எப்போது மருத்துவமனைக்குப் போனாய்? நோவு தானாக வந்ததா, டிரிப் போட்டு வரவழைத்தார்களா? பக்கத்தில் யார் இருந்தார்கள்? இரண்டு நாள் நோவில் கிடந்தவள் பெரும்பாலும் விட்டுவிட்டு வரும் ஆரம்ப வலியிலேயே போய்ப் படுத்திருப்பாள். அந்த ஆரம்பக் கட்டத்துக்குக் கால அளவே கிடையாது. வீட்டில் நடமாடிக்கொண்டு, கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு கழிக்க வேண்டிய நேரம் அது. கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்தபின்தான் உண்மையான பிரசவ நோவு. அதன்பின் அது முழுதாகத் திறக்கத் தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, இப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பு. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, கண் மங்கித் தலை வலித்தாலோ எதையும் எண்ணிக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிடு.

அடித்த கதையை நான் மறுக்கப் போவதில்லை. நடக்கிறது. இரவுப் பணியில் ஆள் குறைவு, நோவில் இருக்கும் பெண்கள் அதிகம் என்பது காரணமே தவிர நியாயம் ஆகாது. உண்மையில் பக்கத்தில் உறவுக்காரர் ஒருவர் நிற்கும் கட்டிலில் யார் கையும் அவ்வளவு எளிதில் ஓங்காது, வாயும் அடங்கிப் பேசும். துணைக்கு ஆள் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க இதுவும் ஒரு காரணம். மைனியின் சிசேரியனைப் பற்றி, சீட்டைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 64 அளவில் நிற்கிறது. அத்தனையும் தேவைதானா என்பதை மருத்துவர்கள்தான் சொல்லவேண்டும். நல்ல நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக் கொடுக்கும் சோதிடர்களிடமும் கேட்கலாம்.

கதைகளால் பயந்துபோய் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று காணொளி பார்க்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. 2018-இல் திருப்பூரில் அப்படித்தான் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்தார். அந்தப் பேச்சே வேண்டாம்.

இப்போது உன் ஊர் அக்கா. இத்தகையவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பது அநேகமாகப் பொய். எப்படியும் உள்ளே விடப்போகிறார்கள். விட்டதும் 'நான் சொன்னதால்தான்' என்பார். விடாவிட்டால் 'இன்றைக்கு வேறு நர்ஸ்' என்பார். காசு திரும்பாது. இதைவிட மோசமான ஒரு வகை உண்டு. நோவு கண்ட நேரத்தில் வாசலில் வந்து, 'இங்கே இடமில்லை, பிள்ளைக்குத் தண்ணீர் வற்றிவிட்டதாம், நான் ஒரு நல்ல இடம் காட்டுகிறேன்' என்று ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். அங்கே அவர்களுக்குத் தரகு. மேல் சிகிச்சை தேவை என்றால் மருத்துவரே பரிந்துரைச் சீட்டு எழுதி, குழித்துறையிலிருந்தோ தக்கலையிலிருந்தோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸிலேயே அனுப்புவார். அதற்குக் கட்டணம் இல்லை. சீட்டு இல்லாமல் யார் சொல்லியும் நகராதே. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், உணவு எல்லாம் இலவசம் என்பது 2011-இலிருந்து தேசியத் திட்டம். பிள்ளையைத் துடைத்துக் கையில் கொடுக்கும்போது 'ஆண் என்றால் இவ்வளவு, பெண் என்றால் இவ்வளவு' என்று நீளும் கைக்கும் ஒன்றும் வைக்கவேண்டாம். சந்தோஷத்துக்குக் கொடுக்கிறோம் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்தச் சந்தோஷம்தான் அடுத்த கட்டிலில் கிடக்கும் ஏழைக்குக் கட்டணமாகிறது.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 18,000 ரூபாய்க்கும் தரகர் உண்டு. ஊட்டச்சத்துப் பெட்டகம் போக மீதிப் பணம் உன் வங்கிக் கணக்குக்கே வரும். உன் கிராம சுகாதார செவிலியர் பிக்மி எண்ணை, அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணை, பதிந்திருப்பார். அந்த எண்ணை அட்டையில் எழுதி வைத்துக்கொள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கத் தவணையில் பணம் கேட்டு மருத்துவமனை வராந்தாவில் வழவழப்பான புத்தகத்தோடு நிற்பவர்களையும் திருப்பி அனுப்பு. காசு கட்டி அப்படிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு பரிந்துரைக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பரிசோதனைக்குப் போகும் நாளில் துணைக்கு வரப்போகிறவரையும் கூட்டிப்போ. பிரசவ அறைச் செவிலியரிடம் 'எனக்குப் பிரசவத் துணை இவர்' என்று சொல்லி, அட்டையில் பெயரை எழுதச் சொல். நோவு கண்டு போகும் இரவில் காவலாளியோடு வாதாடாதே. பணியில் இருக்கும் செவிலியரைக் கூப்பிடச் சொல். அவரும் மறுத்தால் நிலைய மருத்துவ அலுவலர், அதற்கும் மேலே என்றால் 104 சுகாதார உதவி எண். மறைப்புத் திரை இல்லை என்று காரணம் சொன்னால், பையில் இரண்டு பழைய சேலை கொண்டுபோ. கட்டிலைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். அம்மாவோ மைனியோ, வருகிறவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். பிரசவ அறையில் முதலில் மயங்கி விழுவது பசியோடு நிற்கிற துணைதான்.