மூன்றாம் நாளே மூடிய அறை

அன்புள்ள அண்ணா,

அருமனையில் எங்கள் ரப்பர் விளையில் மூன்று தேனீப்பெட்டி வைத்திருக்கிறேன். ஐப்பசியில் ஒன்றைப் பிரித்தேன். ராணி இல்லாத பாதியில் மூன்றாம் நாளே இரண்டு ராணி அறைகள் (புது ராணியை வளர்க்கும் மெழுகு அறைகள்) மூடியிருந்தன. சந்தோஷமாக விட்டுவிட்டேன். வந்த ராணி நறுங்கல். முட்டை அங்கொன்றும் இங்கொன்றும். நல்ல ராணியின் வாரிசு ஏன் இப்படி? தேனீக்கள் சுரந்து புழுவுக்கு ஊட்டும் ராயல் ஜெல்லியை வாங்கி அறைக்குள் விட்டால் தேறுமா? ‘வேலைக்காரத் தேனீ’ என்ற பெயரை மாற்றக் கூடாதா?

ஒரு வாசகர்

தம்பி,

பெயருக்கு இன்னொரு நாள் சண்டை போடலாம். ஜெல்லி வாங்கும் யோசனையை இன்றே விடுங்கள். புழு மிதக்க மிதக்க, நாள் முழுதும் புதிதாகச் சுரந்து ஊட்டுகிற செவிலித் தேனீக்கு உங்கள் சொட்டு ஈடாகாது.

‘வாரிசு’ என்று எழுதினீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. தேனீக்கூட்டில் போய் வம்சம் தேடுகிறீர்கள்! கருவுற்ற முட்டையில் ராணி முட்டை, வேலைக்காரி முட்டை என்று இரண்டு இல்லை. மூன்று நாளில் முட்டை பொரியும். ராணி அறைப் புழுவுக்குக் கடைசிவரை ஜெல்லி. மற்றதற்குப் பொரிந்த மூன்றாம் நாளுக்குமேல் தேனும் மகரந்தமும் கலந்த கூழ், அதுவும் அளந்து. முதல் மூன்று நாள் இரண்டுக்கும் ஒரே சாப்பாடு என்பார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை, ராணிக்கான ஜெல்லியில் அப்போதே இனிப்பு அதிகம். இனிப்பு கூடினால் புழு கூடுதலாகத் தின்னும், இளம்பருவ ஹார்மோன் ஏறும், சூற்பை விரியும். இத்தாலியத் தேனீயில் முட்டையிட்டதிலிருந்து ராணி 16 நாளில் வெளிவரும், வேலைக்காரி 21 நாளில். நம் இந்தியத் தேனீயில் ஓரிரு நாள் முன்பின் இருக்கும். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பொரிந்த புழுக்களில் ஒரே ஒரு மரபணுவை அடக்கினார்கள். சாப்பாட்டை மாற்றாமலே பெரும்பாலானவை ராணிகளாக வந்தன. ஒரே புழுவுக்குள் இரண்டு வழியும் இருக்கிறது.

உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரு நாள் புழுவை ராணியாக்கத் தொடங்கினால் அறை மூட நாலு நாள் ஆகும். மூன்றாம் நாளே மூடியது என்றால் எடுத்த புழுவுக்கு இரண்டு நாளோ அதற்கு மேலோ வயது. வேலைக்காரிச் சாப்பாட்டில் பாதி வளர்ந்துவிட்டதைப் பிறகு ராணியாக்கினால் சூற்பையில் முட்டை உருவாகும் குழல்கள் குறையும், விந்தைச் சேமிக்கும் பையும் சிறுக்கும். அது முந்தி வெளிவந்து, உள்ளே இருக்கும் நல்ல ராணிகளைக் கொட்டிக் கொன்றுவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான். வெறும் அறை கிடந்தால் பிளந்து பாருங்கள்: நன்றாக ஊட்டிய அறையின் மேல்முனையில் ஜெல்லி காய்ந்து ஒட்டியிருக்கும், அரைகுறை அறை துடைத்தாற்போல் இருக்கும்.

இந்த ராணியை எடுத்துவிடுங்கள். புது ராணி இணைசேர ஆண் தேனீ வேண்டும்; தாய்ப்பெட்டியில் நடுவில் ஊசித்துளையுள்ள ஆண் தேனீ மூடிகள் தெரிந்தால், அங்கிருந்து முட்டையும் பொடிப்புழுவும் உள்ள ஓர் அடையைத் தேனீயை உதறிவிட்டு இதில் வையுங்கள். ஒரு நாள் புழு அடியில் கமா போலக் கிடக்கும். வெயில் தோளுக்குப் பின்னால் விழ, சட்டத்தைச் சாய்த்தால்தான் தெரியும். செவிலிகள் குறைந்திருந்தால், பொரியும் தறுவாயில் உள்ள மூடிய அடை ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். மூன்றாம் நாள் மாலை திறந்து, மூடிய ராணி அறை இருந்தால் கிள்ளி எறியுங்கள். அதற்குமுன் ஜெல்லி நிறைந்த திறந்த அறை குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை மூடியதைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள்.