மனித வளம் படிக்க விடலாமா? சுங்கை சிப்புட் அம்மா ஒருவருக்குப் பதில்

அக்கா, மகள் ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டு மனித வள நிர்வாகம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், "ஆளை வேலை வாங்க ஒரு படிப்பா, எங்கள் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு சத்தம் போட்டால் போதுமே" என்று கேட்டிருந்தீர்கள். படிக்க விடுங்கள்.

சத்தத்துக்குப் பயந்தது வேறு போக்கிடம் இல்லாத காலம், அக்கா. லயத்து வீடே தோட்டத்துக்குச் சொந்தம், வேலை போனால் வீடும் போகும். இன்றைக்குப் பிடிக்கவில்லை என்றால் வேலை செய்யும் பையன் ஈப்போவுக்குப் போய்விடுவான், இல்லை சிங்கப்பூருக்கே கிளம்பிவிடுவான். ஆள் நிற்க வேண்டுமானால் அவருக்கு என்ன குறை என்று தெரிந்திருக்க வேண்டும், உங்கள் மகள் படிக்கப் போவது அதைத்தான்.

பாடத்தில் முதலில் மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் வருவார். 1943இல் எழுதிய கட்டுரையில் மனிதத் தேவைகளை ஐந்தாகப் பிரித்தார்: உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, அப்புறம் தன் திறமையை முழுசாக வெளிக்கொண்டுவரும் ஆசை. கீழே இருப்பது ஓரளவு நிறைந்தால்தான் அடுத்தது பெரிதாகத் தெரியும் என்றார். எல்லாருக்கும் இதே வரிசை பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை, தன் வயிற்றைக் கட்டிப் பிள்ளைக்கு டியூஷன் கட்டிய தாய்மார் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

எனக்கு அதிகம் பயன்பட்டவர் ஹெர்ஸ்பெர்க், அவரும் அமெரிக்க உளவியலாளர்தான். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959இல் முடிவுகளை வெளியிட்டார். சம்பளமும் மேற்பார்வையும் வேலைச் சூழலும் மோசமானால் கசப்பு வரும், அவற்றைச் சரிசெய்தால் கசப்பு போகும், ஆனால் உற்சாகம் அதனால் மட்டும் வராது. அது சாதித்த நிறைவிலும் பாராட்டிலும் பொறுப்பிலும்தான் வரும் என்றார். ஒரு செம்பனைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய குலைக் கணக்கில் சந்தேகம், குடியிருப்பில் தண்ணீர் ஒழுங்காக வராது, இந்த நிலையில் மேனேஜர் மேடை போட்டு 'சிறந்த தொழிலாளி' சான்றிதழ் கொடுத்தால் வாங்குகிறவருக்கே எரிச்சல் வரும். முதலில் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். அதே தோட்டத்து ஆபீஸில், நல்ல சம்பளத்தில் வருடக்கணக்காக ஒரே ஃபைலைப் புரட்டும் கிராணிக்கு இன்னும் 50 ரிங்கிட் கூட்டினாலும் முகம் மலர்வது கொஞ்ச நாளைக்குத்தான், அவருக்குப் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது 2025இல் வந்த சட்டம், அதைக் கொடுப்பதை ஊக்கம் என்று எந்த மேனேஜரும் சொல்லிக்கொள்ள முடியாது.

மெக்லீலண்ட் என்ற உளவியலாளரையும் படிப்பாள், ஆளுக்கு ஆள் ஆசை வேறு என்றவர் அவர். ஒருவருக்குச் சாதிக்க ஆசை, இன்னொருவருக்கு நாலு பேரோடு ஒட்டி இருக்க ஆசை, வேறொருவருக்கு அதிகாரம். நன்றாகக் குலை வெட்டுகிறார் என்பதற்காக ஒருவரை மண்டோர் ஆக்கினால் சில நேரம் நல்ல வெட்டாளும் போய் நல்ல மண்டோரும் கிடைக்காமல் போவது இதனால்தான்.

ஆனால் சேர்ந்தவுடன் மாஸ்லோவை யாரும் கேட்க மாட்டார்கள். முதல் வருடங்கள் சம்பளப் பட்டியல், லீவு, ஊழியர் சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா என்றே ஓடும், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் கைவசம் இருக்க வேண்டும், மலாயிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதத் தெரிய வேண்டும். கெடா மாநிலத்துச் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், கட்டணத்துக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் கேட்கலாம். தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் தொழிற்பயிற்சி எத்தனை மாதம், யார் இடம் பிடித்துத் தருவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.