பழைய பிக்கப் வண்டி: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய லோடு வண்டி பற்றித்தான். மிக்ஸி, வாஷிங் மெஷின் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணா, நாலு ஏக்கரில் தக்காளியும் முருங்கையும் போடுகிறோம். சீசனில் தினமும் 60 பெட்டி வரை மார்க்கெட்டுக்குப் போகும், தூரம் எட்டு கிலோமீட்டர். வருமானத்தில் பாதி வாடகை வண்டிக்கே போகிறது. கையில் மூன்றரை லட்சம் இருக்கிறது. குட்டி யானையா, தோஸ்தா, பொலிரோ பிக்கப்பா? (ஒட்டன்சத்திரம்)

தம்பி, மூன்றரை லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். இரண்டே முக்கால், மிஞ்சிப் போனால் 2,90,000 வரைக்கும் பேசுங்கள். மீதியைத் தொடாமல் வையுங்கள். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், கிளட்ச் பிளேட் என்று பழைய வண்டி முதல் இரண்டு மாதத்திலேயே ஏதாவது கேட்கும். அந்தச் செலவுக்குப் பணம் இல்லாமல் வண்டியை வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் எடைக் கணக்கு. பெட்டியோடு சேர்த்து 15 கிலோ என்றால்கூட 60 பெட்டிக்கு 900 கிலோ ஆகிறது. குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005இல் வந்தபோது 750 கிலோ பாரத்துக்கும் இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கும் கணக்குப் போட்டுச் செய்த வண்டி. உங்கள் சீசன் பாரத்தை அது இழுக்கும். ஆனால் இரண்டு வருடத்தில் பட்டையும் (பாரம் தாங்கும் ஸ்பிரிங்) கிளட்ச்சும் போய்விடும். தோஸ்த் ஒன்றேகால் டன் வண்டி, ஓசூரில் செய்கிறார்கள், 2011இலிருந்து ஓடுகிறது. உங்கள் பகுதியில் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியிருக்காது. பொலிரோ பிக்கப் இன்னும் கெட்டியான வண்டிதான், ஆனால் மறுவிற்பனை மதிப்பு அதிகம் என்பதால் அதே பணத்துக்கு மூன்று நான்கு வருடம் அதிகம் உழைத்த வண்டிதான் கிடைக்கும். மலை ஏற வேண்டியவர்கள் அதைப் பார்க்கட்டும். நீங்கள் தோஸ்த் பாருங்கள்.

பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி) வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். 2020 ஏப்ரலுக்கு முன்னால் வந்த பி.எஸ்.4 வண்டி உங்களுக்குப் போதும். பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கும். வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். தினமும் எட்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், அதைச் சரிசெய்ய நல்ல பணம் ஆகும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: இதுவரை என்ன லோடு ஏற்றினீர்கள்? மீனும் உப்பும் ஏற்றிய வண்டி என்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் தொட்டியிலிருந்து வடிந்து சேஸிஸை உள்ளுக்குள் அரித்திருக்கும், மேலே புது பெயின்ட் பளபளக்கும். செங்கல், எம் சாண்ட் அடித்த வண்டியும் வேண்டாம். பால் வண்டி, ரொட்டி வண்டி, கூரியர் வண்டி என்றால் கிலோமீட்டர் அதிகமாக இருந்தாலும் தைரியமாகப் பார்க்கலாம், பாரம் குறைவு. கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கம் பட்டையைத் தாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் சேஸிஸில் வெல்டிங் அடையாளம் இருந்தாலோ, கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒரு பட்டை சேர்த்திருந்தாலோ ஓவர்லோடு அடித்த வண்டி அது.

காலையில் போங்கள், எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? எஞ்சின் வேலை வரப்போகிறது.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எந்தத் தேதி வரை என்றும் பாருங்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு அது வருடா வருடம் வரும் செலவு.

எட்டு வருட வண்டி, ரீடிங் 62,000 தான் காட்டுகிறது. நம்பலாமா? (திருப்பூர்)

நம்பாதீர்கள். வருடம் 300 நாள் ஓடியிருந்தால் ஒரு நாளைக்கு 26 கிலோமீட்டர்கூட வரவில்லை. வாடகைக்கு ஓடிய வண்டி அப்படி ஓடாது. சர்வீஸ் பில்களில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள், அதைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் பிரேக் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

சார், போன வருடம் தெரிந்தவர் மூலமாக ஒரு பிக்கப் வாங்கினேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்மில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். 14 மாதம் ஆகிவிட்டது, வேலை மும்முரத்தில் பெயர் மாற்ற முடியவில்லை. இப்போது எஃப்.சி. முடிகிறது. ஆர்.சி. ஓனர் துபாய் போய்விட்டார், ஓ.டி.பி. அவர் நம்பருக்குப் போகிறது. அவர் போன் எடுப்பதில்லை. குறுக்கு வழி ஏதாவது உண்டா? (சேலம்)

குறுக்கு வழி கிடையாது. இருந்தாலும் சொல்ல மாட்டேன். 14 மாதத்தில் ஒரு நாள் கிடைக்கவில்லையா உங்களுக்கு?

இந்த விஷயத்தைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். நம் ஊரில் வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினை நாலு பேரை வைத்துப் பார்க்கிறார்கள். காகிதம் என்று வந்தால் கையெழுத்துப் போட்ட ஃபார்மை வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு வண்டி தன்னுடையது என்று நினைத்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். விற்ற வண்டி வேறு மாநிலப் பதிவுக்குப் போகிறது என்றால் விற்றவருக்கு 45 நாள். அதுவரை சட்டத்தின் கண்ணில் ஓனர் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதையே சொன்னது. அந்த வண்டி பல கை மாறியிருந்தது, யாரும் பெயர் மாற்றவில்லை. விபத்து நடந்தது, நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் இருந்தவர் தலையில்தான் விழுந்தது. எனக்கும் இது நடந்தது. 2013இல் என் பழைய லோடு வண்டியை விற்று, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, நான் முகமே பார்க்காத ஒருவர் ஓட்டி நடந்த விபத்துக்கு என் வீட்டுக்கு சம்மன் வந்தது. அடிபட்டவர் ஒரு கூலித் தொழிலாளி. கோர்ட் வராண்டாவில் அவருடைய மனைவிக்கு எதிரே நின்ற நாளை இன்னும் மறக்க முடியவில்லை. வழக்கு முடிய நாலு வருடம் ஆனது.

அது விற்றவன் பக்கத்துக் கதை. உங்கள் பக்கம் என்ன ஆகும்? வண்டி நாளை மோதி நொறுங்கினால் உங்களுக்கு க்ளெய்ம் கிடைக்காது. பாலிசியும் உங்கள் பெயரில் இல்லை, ஆர்.சி.யும் இல்லை. போலீஸ் பிடித்து வைத்தால் கோர்ட்டில் உங்களிடம் விட மாட்டார்கள். துபாயில் இருப்பவர் வண்டி காணாமல் போனது என்று ஒரு புகார் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?

இப்போது செய்ய வேண்டியது: அவருடைய வீட்டாரைத் தேடிப் போங்கள், அடுத்து எப்போது ஊருக்கு வருகிறார் என்று கேளுங்கள். பணம் கொடுத்த ரசீது, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டி வரும். அதுவரை வண்டியை ரோட்டில் ஓட்டாதீர்கள்.

விற்கிற மற்றவர்களுக்கு: 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அப்படிப்பட்ட வியாபாரியிடம் விற்று அதை முறைப்படி பதிவு செய்தால் அன்றிலிருந்து பொறுப்பு அவருக்குப் போகிறது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டிப் பிழைக்க ஒரு பழைய வண்டிக் கடையில் 2,40,000 கொடுத்தார். என் நகையை அடகு வைத்த பணம். டியூ எதுவும் இல்லை என்று சொன்னார்கள். மூன்றாவது மாதம் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து வண்டியை சீஸ் செய்துவிட்டார்கள். கடைக்காரர் எனக்குத் தெரியாது என்கிறார். வீட்டுக்காரர் சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறார். (கும்பகோணம்)

அம்மா, முதலில் அவரிடம் சொல்லுங்கள்: தப்பு செய்தது அவர் இல்லை. கடனை மறைத்து விற்றவர்தான் குற்றவாளி.

வழி இருக்கிறது. வாடகைக்கு ஓட்ட வாங்கிய வண்டி, இது வியாபாரம், நுகர்வோர் வழக்கு செல்லாது என்று கடைக்காரர் தரப்பு சொல்லக்கூடும். பயப்படாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுங்கள், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், நீங்கள் அடுத்த வாரமே கொடுங்கள். அதோடு ஏமாற்றி விற்றதாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கடை பில், விளம்பரத்தின் படம், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பணம் போன விவரம் எதையும் அழிக்காதீர்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். மனு எழுதத் தடுமாறினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வரைவு எழுத நான் உதவுகிறேன்.

மற்றவர்கள் கவனிக்க: ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் என்ற இடத்தில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், ஃபைனான்ஸ் தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) கடன் பதிவை நீக்கும் கையெழுத்தான ஃபார்ம் 35ம் கையில் வராமல் முழுப் பணமும் கொடுக்கக் கூடாது. எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே பல விவரம் வந்துவிடும். பாக்கி அபராதத்தையும் இ-சலான் தளத்தில் அதே எண்ணை வைத்துப் பாருங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி, சந்தை விலையில் பாதிக்குத் தருகிறார்கள். எஞ்சினைச் சரிசெய்துவிட்டார்களாம். (தூத்துக்குடி)

வேண்டாம். 2015 சென்னை வெள்ளம் முடிந்து நாலாவது மாதம் நான் அப்படி ஒரு வண்டி வாங்கினேன். எஞ்சின் கடைசி வரை நன்றாகத்தான் ஓடியது. வயரிங்தான் உயிரை எடுத்தது. ஒரு நாள் ஹெட்லைட், ஒரு நாள் ஸ்டார்ட்டர், ஒரு நாள் ஹாரன். ஃபியூஸ் பாக்ஸைக் கழற்றியபோது அடியில் காய்ந்த சேறு. ஒரு வருடத்துக்குள் 70,000 செலவு செய்து நஷ்டத்துக்கு விற்றேன், வாங்கியவரிடம் வெள்ள வண்டி என்று சொல்லித்தான் விற்றேன். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை நிற்கும்.

கோயில் திருவிழாவுக்கு பிக்கப்பின் பின்னால் பத்துப் பேரை ஏற்றினால் இன்சூரன்ஸ் உண்டா? (விருதுநகர்)

கிடையாது. ஏற்றாதீர்கள்.

ஐ.டி. வேலை, வார இறுதியில் தோட்டத்துக்குப் போவேன். 9 லட்சத்துக்குள் பழைய இசுஸு வி-கிராஸ் பிக்கப் வாங்க ஆசை. படத்தைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டேன். சரியான முடிவா? (கோவை)

வண்டியைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? திரும்பக் கிடைக்குமா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.

வண்டி நல்ல வண்டிதான், 2016இல் வந்தது, நம் பக்கத்து ஸ்ரீசிட்டியில் செய்தது. ஆனால் ஐந்தேகால் மீட்டருக்கு மேல் நீளம். உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கை டேப் வைத்து அளந்துவிட்டு மேலே பேசுங்கள். சாமான் கிடைக்கும், ஆனால் விலையும் காத்திருக்கும் நாளும் அதிகம், பின்னால் ஒரு இடி வாங்கிய வண்டி என்றால் செலவு ஏறிவிடும். இதற்குப் பதிலாக ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஸெனான் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தப் பக்கம் போகாதீர்கள், இரண்டும் உற்பத்தி நின்ற வண்டிகள்.

கார் ஓட்டும் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்து பிக்கப் ஓட்டலாமா? (நாமக்கல்)

ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு அது போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

வண்டி பார்த்துச் சொல்ல மெக்கானிக் 1,500 கேட்கிறார். அவ்வளவு கொடுக்க வேண்டுமா? (மேலூர்)

கொடுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம், உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். வண்டி வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அந்த 1,500ஐக் குறைக்காமல் கொடுங்கள், சாப்பாடும் வாங்கிக் கொடுங்கள். அரை நாள் கடையைப் பூட்டிவிட்டு உங்களுக்காக வருகிறார்.